கடை சாத்தினால் போய்விடும்

ஷெரின் ஒருவழியாக ‘நல்லடக்கம்’ என்ற சொல்லை அடித்து முடித்தபோது கடை வாசலில் ஜெயபாண்டி வந்து நின்றான்.

மாடியில் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். செல்லூர்ச் சந்துக்குள் இருக்கும் இந்த டைப்பிங் கடையில்தான், நேற்று மதியம் அவர் நாற்காலியிலேயே சாய்ந்தார். கம்ப்யூட்டரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுவரில் ஒட்டும் மரண நோட்டீஸை வெளியே அடிக்கக் கொடுக்க மனம் வராமல் ஷெரினே உட்கார்ந்தாள். நாலு வரிதான். விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்பாவ நெனச்சா மனசே ஆறல பாப்பா,” என்றான் ஜெயபாண்டி. மாலை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. “நேத்து என் வீட்டுக்காரி இங்க வந்து என்னமோ அடிச்சு வாங்கிட்டுப் போனாளாம்ல. என்னன்னு பாத்துச் சொல்லு.”

அது ஷெரினுக்குத் தெரியும். காலையில் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். மகளிர் காவல் நிலையத்துக்கு இவன்மேல் இவன் மனைவி அன்னக்கொடி அக்கா எழுதிய புகார். அவள் அதை இன்னும் கொடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு மாடியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவன் பார்த்துவிட்டால் அடுத்த கையையும் முறிப்பான்.

“நகரு, நானே பாக்குறேன்.” உள்ளே வந்துவிட்டான்.

கடையில் யார் எதை அடித்தாலும் ஒரே இடத்தில்தான் சேரும். கம்ப்யூட்டரை அணைத்தால் அத்தனையும் தானாக அழிந்துவிடும்படி அப்பா செய்து வைத்திருந்தார். ஷெரினின் காலேஜ் ப்ராஜெக்ட்டும் ஒருமுறை அப்படித்தான் போனது. சாப்பிடாமல் அழுதவளிடம், “ஊருக்கு ஒன்னு, மகளுக்கு ஒன்னுன்னு வச்சா எவன் நம்பி வருவான்?” என்றார், மகா அழுத்தக்காரர். அன்று அவரை மனசார வைதிருக்கிறாள்.

நோட்டீஸ் இன்னும் பிரின்ட் எடுக்கவில்லை. அதுவும் அங்கேதான் கிடந்தது.

“நேத்துலருந்து ஓடுதுண்ணே, மெசின் திணறுது. ஒருவாட்டி அணைச்சுப் போட்டாத்தான் தேட முடியும்,” என்றபடி அணைத்தாள்.

திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தது. எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “தேடிக்கங்கண்ணே.”

அவன் எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினான். “என்ன, ஒன்னத்தையும் காணோம்?”

“எங்கப்பா கடைண்ணே. அப்படித்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். மேலே கண்மூடிக் கிடந்தபடியே ஊரார் சங்கதியைக் காத்துவிட்டாரே, பெரிய ஆள்தான் இந்த மனுஷர்!

ஜெயபாண்டி மாலையோடு மாடிப்படி ஏறினான். ஷெரின் நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டீஸை முதலிலிருந்து, அப்பா பெயரிலிருந்து, அடிக்கத் தொடங்கினாள்.

யே. ஞானம்.