சீட்டில் வந்த அப்பா

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் கிறிஸ்துமஸ் பரிசுக்கு ஏங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். வேறு யாருமில்லை, நான் பெற்றதுதான். அதுவும் என் கையால் வேண்டுமாம் துரைக்கு.

இந்தப் பண்டிகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் எலக்ட்ரீஷியன். நட்சத்திர விளக்கை ஏற்றுவதும் இறக்குவதும் நான்தான். கடைக்குள் வைக்கிற கிறிஸ்துமஸ் மரத்தடியில் ரிப்பன் கட்டி அடுக்கியிருப்பார்களே, அத்தனையும் காலி டப்பா. ஏணிமேல் நின்று பார்த்தால் ஜனங்களின் லட்சணம் தெரியும். அஞ்சு வயசு அந்த டப்பாவைப் பார்த்து வாயைப் பிளக்கும். அதே பிள்ளை பத்து வருஷம் கழித்து, அம்மாவோடு வந்ததற்கே வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளியும். அப்புறம் கல்யாணமாகித் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு அதே டப்பாவுக்கு முன்னால் வந்து இளிக்கும். கிழடுகளுக்கு உட்கார நாற்காலி கிடைத்தால் போதும். நான் அந்தக் கட்சி.

என் பையன் மட்டும் தலைகீழ். அவனுக்கு ஏழு வயதில் கடையிலிருந்து ஒரு காலி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன், பளபளப்பை நம்பக் கூடாது என்று சீக்கிரமே தெரியட்டும் என்று. பிரித்தான், உள்ளே பார்த்தான், பென்சில் போட்டு வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் எதுவும் கேட்டதில்லை. புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே வந்தது? தலை வழுக்கையான பிறகுதான் பைத்தியம் முற்றியது. ஆபீசில் நாற்பது பேரை விரட்டுகிறவன், டிசம்பர் பிறந்தால் தரையில் உட்கார்ந்து மரத்துக்குப் பஞ்சு ஒட்டுகிறான்.

இந்த வருஷம் புதிதாகச் சீட்டுக் குலுக்கல். யார் சீட்டு வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு வாங்க வேண்டும். வீட்டில் இருப்பதே நாலு பேர்: நான், பையன், மருமகள், ஒன்பது வயசுப் பேத்தி. இதில் என்ன ரகசியம்? எடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டினேன். ‘அப்பா.’

ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறவன் நான். என் சீட்டு எனக்கே வந்துவிட்டது! சொன்னால் மறுபடி குலுக்குவார்கள். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து பையன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அப்பா, கடைப்பக்கம் போனீங்களா?”

“எதுக்கு?”

“சும்மாதான். குளிருதே, கார்ல கொண்டு விடவா?”

“என்னை வெளிய கிளப்பிட்டு என்னடா பண்ணப் போற?”

சிரித்தான். என் அறைமேல் கண் வைக்கிறான் என்று பூட்டு வாங்கி மாட்டினேன். அப்படியே எனக்கு ஒரு செருப்பும் வாங்கினேன். வீட்டுக்குள் போடுவது, உள்ளே கம்பளி, ஏழாம் நம்பர்.

“கிஃப்ட் பேக் பண்ணட்டுங்களா, பெரியவரே?” என்றான் கடைக்காரன்.

“கால்ல போடுறதுக்கு எதுக்குய்யா ரிப்பன்?”

பண்டிகைக் காலையில் எல்லோரும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருமகள் எனக்கு ஒரு மஃப்ளர் கொடுத்தாள். என் சீட்டு என்னிடமே இருக்க எனக்கு எப்படி இன்னொன்று என்று யோசிப்பதற்குள் பையன் தன் சீட்டைத் தூக்கிக் காட்டினான். கோணல் எழுத்தில் ‘நான்’ என்று இருந்தது.

“எனக்கு ‘நான்’ வந்திருக்கு! எந்த மேதாவி எழுதினது?”

“நான்தான் எழுதினேன்! நான்னா நான்தானே?” என்று பேத்தி குதித்தாள்.

சீட்டெல்லாம் அவள் எழுதியது என்றால், அந்த அப்பா யாருடைய அப்பா?

“தாத்தா, இப்ப நீங்க! உங்களுக்கு எங்கப்பாதானே? நான் எட்டிப் பார்த்து அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன்!”

பையன் என் கையைப் பார்த்தான். கையில் மஃப்ளர்தான் இருந்தது.

“பரிசு எங்க தாத்தா?”

“கால்ல போட்டுட்டிருக்கேன்” என்றேன்.

மருமகளுக்குத்தான் முதலில் விளங்கியது. “ஐயோ மாமா! உங்களுக்கு நீங்களே வாங்கிக்கிட்டீங்களா?” என்று புரண்டு சிரித்தாள். பையனும் சிரித்தான். “பரவால்லப்பா” என்றான். கிழிந்து கிடந்த ஜிகினாத்தாளை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

பார்க்கச் சகிக்கவில்லை. செருப்பைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினேன்.

“இந்தா, போடு.”

“எனக்குப் பத்தாம் நம்பர்ப்பா.”

“நம்பர் கேட்டேனா? உன் சீட்டுதானே எனக்கு வந்துச்சு? போடுடா.”

போட்டான். குதிகால் இரண்டும் மூணு விரற்கடை வெளியே தொங்கின. அதோடு வீடு முழுக்கத் தத்தித் தத்தி நடந்தான். மத்தியானம் குப்பை கொட்டத் தெருவுக்குப் போனவன், எதிர்வீட்டு டாக்டரம்மாவிடம் காலை நீட்டிக் காட்டினான்.

“எங்கப்பா எனக்காக வாங்கினது.”

பட்டப்பகலில் பச்சைப் பொய். ஜில்லென்ற தரையில் வெறுங்காலோடு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு அசடு. ஜன்னலைத் திறந்து கத்தினேன்:

“ஈரத்துல மிதிக்காதடா, உள்ள கம்பளி!”