கழுத்துக்குத் தோதான பிளேடு

தாடைக்குக் கீழே, காதுக்கும் தொண்டைக்கும் நடுவில், மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடம். அந்த இடம்தான் பெயிண்டரின் வேலைக்கு உலை வைத்தது.

இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு ஸ்பிரே அடிக்கும் வேலை. மூடிய அறைக்குள் நின்று துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெற்றுத் தகரத்தைப் பளபளவென்று ஆக்கி வெளியே அனுப்ப வேண்டும். அந்த அறைக்குப் பூத் என்று பெயர். உள்ளே போகிறவர் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க் போட்டாக வேண்டும். மாஸ்க் தோலோடு ஒட்டவில்லை என்றால் பெயிண்ட் புகை நேரே நுரையீரலுக்குக் குடிபோய்விடும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை நடக்கும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேலே, முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்புத் தண்ணீரைப் புகைபோல அடிப்பார்கள். வாயில் கசந்தால் மாஸ்க்கில் எங்கோ இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வருஷம் பெயிண்டருக்குக் கசந்தது. கசக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் முகம் போன போக்கைப் பாதுகாப்பு மேடம் கூண்டு வழியாகவே பார்த்துவிட்டார்.

"கழுத்துல முள்ளு முள்ளா முடி இருக்கு. அது மேல மாஸ்க் எப்படி ஒட்டும்?" என்றார் மேடம். "சுத்தமா வழிச்சுட்டு வாங்க. மாசக் கடைசியில இன்னொரு தடவை பார்க்கலாம். அப்பவும் கசந்தா பூத்துக்கு வேற ஆளைப் போட வேண்டியதுதான். புண்ணு, பிளாஸ்திரியோட வந்தாலும் எடுத்துக்க மாட்டேன்."

வழிக்கத் தெரியாமலா இருந்தார்? வழித்தால் கழுத்து பொங்கிவிடும், அதுதான் சிக்கல். அவர் வைத்திருந்த ரேஸரில் அடுக்கடுக்காக ஐந்து பிளேடுகள். அது முடியைத் தோலுக்கும் கீழே போய் அறுக்கும். அறுபட்ட முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டுகொண்டு பருவாக வீங்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே கழுத்துப் பக்கம் போவதைத் தள்ளிப்போட்டு வந்தார். தள்ளிப்போட்டதன் பலன் வாயில் கசந்தது.

சோதனை முடிந்த கையோடு அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையைச் சுற்று, டேப்பை ஒட்டு, அடுத்ததை எடு. டேப்பை இழுக்கும்போது எழும் அந்தக் கர்ர் சத்தம் அவர் காதுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது. போதாக்குறைக்குப் பூத்தில் அவர் இடத்துக்கு வந்தவன் அடித்த பீரோக்கள்தான் இவரிடம் பேக்கிங்குக்கு வரும். மூலைக்கு மூலை பெயிண்ட் கண்ணீர் விட்டு வழிந்திருக்கும். பெயிண்டருக்கு வயிறு எரிந்தது. பூத் என்றால் அவருக்கு உயிர். அந்தக் கதவுக்கு வெளியே நின்று டேப் ஒட்டி வாழ்நாளைக் கழிப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. திரும்ப உள்ளே போயே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

யோசனை சொன்னவன் ஸ்டோர் கீப்பர். தலையில் பொட்டு முடி கிடையாது, அதனாலேயே எல்லோரும் அவனைச் சுருட்டை என்று கூப்பிட்டார்கள்.

"அஞ்சு பிளேடைத் தூக்கிப் போடு மச்சான். பழைய மாடல் ரேஸர் இருக்குல்ல, மேல மூடி, நடுவுல ஒத்த பிளேடு, ரெண்டு பக்கமும் கூரு, அதுக்கு மாறு. அது தோலுக்கு மேலயே வெட்டிட்டுப் போயிடும், உள்ள தோண்டாது. ஆனா பிளேடு மட்டும் சிவப்புப் பாக்கெட்டுதான் வாங்கணும். மத்ததெல்லாம் குப்பை."

கடையில் ரேஸர் உடனே கிடைத்தது. பிளேடு என்றதும் கடைக்காரர் மூன்று பாக்கெட்டுகளைக் கண்ணாடி மேல் பரப்பினார். பிளேடு என்றால் பிளேடு, இதில் என்ன ஜாதகப் பொருத்தம் என்றுதான் பெயிண்டர் நினைத்திருந்தார்.

"எதுண்ணே நல்லது?"

"சிவப்பு ரொம்பக் கூர்மை. பச்சை சாது. நீலம் ரெண்டுக்கும் நடுவுல."

"நல்லது எதுன்னு கேட்டேன்."

"அதை உங்க மூஞ்சிதான் சொல்லணும். நான் சொன்னா நீங்க நாளைக்கு ரத்தத்தோட வந்து நிப்பீங்க."

பெயிண்டர் மூன்றையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை சுருட்டையின் பேச்சை நம்பி சிவப்பைப் போட்டார். பழைய ரேஸரை அழுத்தி அழுத்திப் பழகிய கை, புதிதையும் அதே வேகத்தில் அழுத்தியது. தாடையில் இரண்டு வெட்டு, தொண்டைக்குழியில் ஒன்று. காகிதத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தவரை அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, ஷேவ் பண்ணீங்களா, இல்ல யார்கூடயாவது சண்டை போட்டீங்களா?"

சரி, சாதுவைப் பார்ப்போம் என்று அடுத்த நாள் பச்சைக்கு மாறினார். கையோடு கிரீமையும் மாற்றினார். வெந்நீருக்கும் மாறினார். பச்சை, முடியை வெட்டுவதற்குப் பதிலாகப் பிடித்து இழுத்தது. இழுத்த கோபத்தில் இன்னும் அழுத்தி, கீழிருந்து மேலாக எதிர்த்து வேறு இழுத்தார். சாயங்காலத்துக்குள் கழுத்து முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. அந்தக் கழுத்து மேலேயே மறுநாள் நீலத்தை ஓட்டினால் எப்படி இருக்கும்? தீயாக எரிந்தது. ரேஸரை வாளிக்குள் விட்டெறிந்தார்.

"மூணும் மோசம்! எல்லாம் ஏமாத்து வேலை!"

அவர் மனைவி வாளியிலிருந்து ரேஸரை எடுத்துக் கழுவி, அலமாரியில் வைத்தாள்.

"போன வருஷம் பூத்துக்கு ஒரு ஆளு வந்து தின்னரையும் மாத்தி, நாசிலையும் மாத்தி, பெயிண்டையும் மாத்தி, கடைசியில எதனால வழியுதுன்னு தெரியாம முழிச்சான்னு ஒரு வாரம் என் காதைத் துளைச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு என்ன இப்போ?"

"ஒண்ணும் இல்ல. அந்த ஆளு நம்ம வீட்டு பாத்ரூம்ல நிக்கிறாரேன்னு பார்த்தேன்."

பெயிண்டருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். பீரோவுக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசியைக்கூட அவர் தன் முகத்துக்குக் காட்டவில்லை. தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

முதல் காரியமாகக் கழுத்தை ஆறவிட்டார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. முள்தாடியோடு டேப் ஒட்டுகிறவரைப் பார்த்து, "என்ன சாமியாரே, எப்ப மலை ஏறப் போறீங்க?" என்று பேக்கிங் பிரிவில் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டார். பருக்கள் அடங்கும்வரை பிளேடைத் தொடுவதில்லை என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

அந்த நாட்களில் கண்ணாடி முன்னால் நின்று விரலால் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கன்னத்தில் முடி கீழ்நோக்கிப் படிந்திருந்தது. இடது தாடைக்குக் கீழே மட்டும் பக்கவாட்டில், காதைப் பார்த்து வளர்ந்திருந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து சுமந்துகொண்டு திரியும் சங்கதி இது. இன்றைக்குத்தான் அவருக்கே தெரியவந்தது.

கழுத்து ஆறியதும் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஒரே கிரீம், ஒரே வெந்நீர். முடி படிந்த பக்கமாகவே ஒரு தடவை இழுப்பு, அவ்வளவுதான். ரேஸரைக் காம்பின் நுனியில் பிடித்து, அதன் பாரமே அதை இறக்கட்டும் என்று விட்டார். மணிக்கட்டை மடக்காமல் ஒரே சாய்வில் இழுப்பது அவருக்குப் புதிதில்லை. பூத்தில் அந்தக் கை வருஷக்கணக்காகச் செய்வது அதைத்தான். மாறப்போவது பிளேடு ஒன்று மட்டும். எந்தப் பிளேடும் ஒரு நாளில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார்.

சிவப்பு அவர் நினைத்த அளவுக்குக் கொலைகாரன் இல்லை. அழுத்தாமல் விட்டதும் கன்னத்தை வழவழவென்று ஆக்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் கழுத்து கணகணவென்று சுட்டது. இன்னொரு நாள் போட்டார், அதே சூடு. பச்சை கன்னத்தில் சமர்த்தாகப் போய், மோவாயில் தடித்த முடி வந்ததும் சண்டித்தனம் செய்து கண்ணில் தண்ணீர் வரவைத்தது. நீலம் முதல் நாள் லேசாகக் கடித்தது. இரண்டாம் நாள் போட்டபோது எதுவுமே தெரியவில்லை. பிளேடைப் போட மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு மூடியைத் திருகித் திறந்து பார்த்தார். பிளேடு இருந்தது. கழுத்தில் முடிதான் இல்லை.

செய்தி கேட்டுச் சுருட்டைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீலமா? அது பூனைமயிர் முளைச்ச பசங்களுக்கு ஆகும் மச்சான். ஆம்பளைக்குச் சிவப்புதான்."

"உன் மூஞ்சிக்குச் சிவப்பு, என் மூஞ்சிக்கு நீலம். மூஞ்சியை மாத்திக்கலாம்னா சொல்லு, பிளேடையும் மாத்திக்கிறேன்."

சோதனைக்கு முந்தின நாளே பெயிண்டர் புது நீல பிளேடை ஒருமுறை ஓட்டிவிட்டார். அதன் முதல் நாள் கடி அன்றைக்கே கழியட்டும், இரண்டாம் நாள் சாந்தம் சோதனைக்குக் கிடைக்கட்டும் என்பது அவர் கணக்கு.

விடிந்தது. எல்லாம் நன்றாகவே நடந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு விரலால் தடவினார். இடது தாடைக்குக் கீழே சொரசொரவென்று தட்டுப்பட்டது. அதே மூன்று விரல் இடம்.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வா. தொட்டுப் பார்த்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாத, உள்ளதைச் சொல்லு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் சொரசொரன்னுதான் இருக்கு."

அலமாரியில் சிவப்புப் பாக்கெட் இருந்தது. ஒரே ஓட்டு ஓட்டினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சோதனைதானே முக்கியம், நாளைக்குச் சுட்டால் சுட்டுவிட்டுப் போகட்டும். கை தானாகப் போய்ச் சிவப்பை எடுத்தது, காகித உறையைப் பிரிக்கவும் செய்தது. பிரித்த பிறகுதான் நாளைக்கு என்ற சொல் உறைத்தது. நாளைக்கும் மாஸ்க் போட வேண்டும். அதற்கு மறுநாளும். ஒரு நாள் மேடத்தை ஏமாற்றிவிட்டு மிச்ச நாளெல்லாம் சுடும் கழுத்தை வழிக்க முடியாமல் முள்ளோடு புகையைக் குடிப்பதற்கா இவ்வளவு பாடு? சிவப்பை மறுபடி உறையில் போட்டு வைத்தார்.

அந்த இடத்தை விரலால் இன்னொரு தடவை வருடினார். அவசரத்தில் அங்கேயும் மேலிருந்து கீழாகவே இழுத்திருந்தார். பிளேடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, கைதான் வழி தவறியிருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக நுரை தடவி, தோலை விரலால் லேசாக இழுத்துப் பிடித்து, அதே நீலத்தைத் தொண்டையிலிருந்து காதுப் பக்கமாக நகர்த்தினார். அழுத்தவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டு மறுபடி தொடச் சொல்லவும் இல்லை. இனி ஆனது ஆகட்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேடம் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அவர் தாடையிலும் கழுத்திலும் தேய்த்தார். பஞ்சு எங்கேயும் சிக்கவில்லை. பரு இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று விளக்கை அடித்துப் பார்த்தார். பாராட்டு எதையும் வாயிலிருந்து உதிர்த்துவிடாமல், "உட்காருங்க" என்றார்.

மாஸ்க் ஏறியது. கூண்டு கவிழ்ந்தது. கசப்புத் தண்ணீர் புஸ் புஸ் என்று பனியாக இறங்கியது. தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார், ஆட்டச் சொன்னார். பெயிண்டர் நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியாகச் சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் மேடம். போன தடவை கழுத்தறுத்தது இந்தக் கட்டம்தான். வாய் அசையும், தாடை ஏறி இறங்கும், மாஸ்க் பிடி விடும்.

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் பானைக்குள் பேசுவது போல வந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மேடம் நடு நடுவே புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டே இருந்தார். பலகை முடிந்தது. வாயில் அவருடைய சொந்த எச்சிலின் ருசி மட்டும்தான் இருந்தது. ஒருவேளை தனக்கு நாக்கே செத்துவிட்டதோ என்றுகூட ஒரு பயம் வந்தது.

"இப்ப கூண்டுக்குள்ளயே மாஸ்க்கைக் கழட்டுங்க" என்றார் மேடம்.

கழற்றினார். அடுத்த மூச்சிலேயே வாய், மூக்கு, தொண்டை எல்லாம் நிறைந்து முகம் அஷ்டகோணலாயிற்று. இத்தனை நேரமும் கன்னத்தைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி இந்தப் பாழும் கசப்புதான் நின்றிருக்கிறது. ஒரு சொட்டுக்குக்கூட உள்ளே வர வழி கிடைக்கவில்லை.

"என்னங்க, கசக்குதா?"

"விஷமா கசக்குது மேடம்!" என்று பெயிண்டர் போட்ட கத்தலில் வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க அவர் முயலவும் இல்லை.

மேடம் கூண்டைத் தூக்கிவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீரை நீட்டினார். பெயிண்டர் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, மாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கசப்போடேயே நேராகப் பூத்துக்கு நடந்தார்.