இரண்டு பெல்ட், ஓர் இடுப்பு

1

தொண்டை கட்டிப்போனதால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒசாகா வார்டு மண்டபத்தில் கத்திய கத்தலில் குரலே போய்விட்டது. பேச முடிந்திருந்தால் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பேன்.

விஷயம் இதுதான். பெண்கள் மல்யுத்தக் கம்பெனி ஒன்று, நொடித்துப்போன இன்னொரு கம்பெனியைச் சேர்த்துக்கொண்டது. வீராங்கனைகளோடு அவர்களுடைய சாம்பியன் பெல்ட்டும் வந்து சேர்ந்தது. ஆக, ஒரே கம்பெனியில் இரண்டு உச்சப் பட்டங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டியதுதானே? [இங்கே மலையுச்சி பற்றி ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன். தப்பித்தீர்கள்.]

மண்டபத்துக்கு எதிரே ஒகோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடைக் கடை நடத்தும் தெரூயோவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், கரண்டியோடு வருவாள்.

"ரெண்டு சாம்பியன்னா ரெண்டு பேருமே சாம்பியன் இல்லேன்னு அர்த்தம்," என்றார் வாடிக்கையாளர் இவாகி.

"வாய மூடுய்யா! ஒரே பெல்ட்டுன்னா ஒருத்திதான் கடைசி மேட்ச் ஆடுவா. மத்தவ எல்லாம் வேடிக்க பாக்கணுமா?"

"டிக்கெட்டுக்குக் காசு குடுக்கறவன் நானு!"

"அதுக்காக பெல்ட்ட உன் இடுப்புலயா கட்டப்போறாங்க? அந்த இடுப்பக் கண்ணாடில பாத்திருக்கியா?"

நான் இவாகி கட்சி. ஞாயிறு வரைக்கும்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடுவர் குசுமோடோ கனத்த மனத்துடன் தன்

இல்லை, மழையெல்லாம் பெய்யவில்லை. நல்ல வெயில்.

குசுமோடோ, வரிபோட்ட சட்டைக்காரர், நொடித்த கம்பெனியிலிருந்து வந்த நடுவர். முதல் வரைவில் இவரை சாம்பியன் ஒரியேயின் கணவராக்கினேன். மலிவாக இருந்தது, உடனே விவாகரத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரியேயும் அதே கம்பெனிதான். அந்தக் கம்பெனியில் இன்று மிச்சமிருப்பது அவள் இடுப்பில் கிடக்கும் பெல்ட் மட்டும்.

ஞாயிறன்று அவளுக்கும் இந்தக் கம்பெனியின் இளம் சாம்பியன் மிஃபுயுவுக்கும் மோதல். தோற்றவளின் பெல்ட் அலுவலகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பிறகு அதற்காக யாரும் மோத முடியாது. ஜெயிக்க வேண்டியது மிஃபுயு என்று கம்பெனித் தலைவர் முன்பே முடிவு செய்துவிட்டார். அது தெரிந்தவர்கள் அவரும் இரண்டு பெண்களும் நடுவரும்தான்.*

* உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுதுகிறவன் நான்தானே!

உடை மாற்றும் அறை வாசலில் குசுமோடோவை ஒரியே பிடித்துக்கொண்டாள்.

"தோக்க ஒத்துக்கிட்டது நானு. நீங்க ஏன், குசுமோடோ-சான், மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"என் மூஞ்சியே இப்படித்தாம்மா."

"பெட்டில வெச்சு தினம் தொடப்பாங்களாம். நான் ஒரு நாளும் தொடச்சதில்ல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்ணே ஒண்ணு. பாவம் பாத்து எண்ணிடாதீங்க. எனக்காகவும் வேணாம், அவளுக்காகவும் வேணாம்."

"தோளு தரையில இருந்தா என் கை தரையில விழும். யாரு தோளுன்னு அதுக்குத் தெரியாது."

ஒரியே அந்த பெல்ட்டை முதன்முதலில் ஜெயித்த அன்று மூன்று எண்ணியதும் அதே கைதான்.

2.5

இங்கே 3 வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் மண்டபத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஏகப்பட்ட இடம் உண்டு. தோள் தரையில் இருக்க, நடுவர் கை மூன்று தடவை தரையில் அடித்தால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது அடிக்குக் கை தரையைத் தொடப்போகிற கடைசி நேரத்தில் தோள் துள்ளி எழுந்தால் அதை 2.9 என்போம். அந்தப் புள்ளி ஒன்பதுக்காகத்தான் டிக்கெட்டே வாங்குகிறோம்.

அடடா, என்ன மோதல்! மணி அடிப்பதற்குள் ரசிகர்கள் வீசிய வண்ணக் காகிதச் சுருள்கள் ரிங்கை மூடிவிட்டன. மிஃபுயுவின் உதை ஒரியேயின் மார்பில் விழுந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஒரியே விழுந்தாள். ஒன்று! இரண்டு! எழுந்துவிட்டாள்.

"யோவ் ரெஃப்ரி!" தெரூயோவின் குரல். "கஞ்சி குடிக்காம வந்தியா? கை எறங்கவே மாட்டேங்குது!"

குசுமோடோவுக்குச் சுருக்கென்றது. மெதுவாகத்தான் எண்ணிவிட்டோமோ?

2.9

ஒரியே பின்னாலிருந்து மிஃபுயுவின் இடுப்பைக் கட்டித் தூக்கி, அப்படியே பின்பக்கம் வளைந்து, பாலமாக நின்று அவள் தோள்களைத் தரையில் அழுத்தினாள். திட்டப்படி மிஃபுயு இரண்டில் தோளைத் தூக்க வேண்டும். பிறகு அவள் ஜெயிக்க வேண்டும்.

ஒன்று. மண்டபமே சேர்ந்து எண்ணியது.

இரண்டு. தோள் எழவில்லை.

குசுமோடோ குனிந்து பார்த்தார். மிஃபுயுவின் கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. (பயப்படாதீர்கள், மறுநாள் தெரூயோ கடையில் இரண்டு தட்டு காலி செய்தாள்.) ஒரியே தலைகீழாகப் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்:

"தூக்குடி... மிஃபுயு, தோளத் தூக்குடி!"

தன் பெல்ட்டைப் பெட்டிக்கு அனுப்பத்தான் கெஞ்சுகிறாள். பாவி, என்ன மனசு அது!

கை மேலே. அடித்தால் தலைவரின் திட்டம் போச்சு, மிஃபுயுவின் பெல்ட் பெட்டிக்குள். அடிக்காமல் நிறுத்தினால் அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கை பொய்க் கை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். மண்டபத்தில் மின்சாரம் போவதுபோல மூன்றாவதாக ஒன்றும் எழு

சீ, வேண்டாம்.

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒரே பெல்ட் போதும் என்று ஊரெல்லாம் வாதாடிய நான், அந்தக் கை இறங்கவே கூடாது என்றுதான் கத்தினேன். அது மேலே இருக்கிறவரைக்கும் பெட்டி காலி. குரல் போனது அப்போதுதான்.

ஒன்றும் இரண்டும் கூடவே எண்ணிக்கொண்டு வந்தீர்கள். எனக்குத் தொண்டை இல்லை. இதோ கை இறங்குகிறது, அதை அடிக்க விடுவதும் பிடித்து நிறுத்துவதும் உங்கள் பாடு.

3