சட்னிச் சட்டியும் தாய்க்கரடியும்

முதல் அடியைக் கொடுத்தது வெர்னாதான். கரடிக்குட்டி அவளை ஒன்றும் செய்யவில்லை. பின்வாசல் படியில் அவள் ஆய்ந்து கழுவி வைத்திருந்த புளூபெர்ரித் தட்டுக்குள் மூக்கை நுழைத்துத் தின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

காலையிலிருந்தே வெர்னாவுக்கு உடம்பெல்லாம் கோபம். நாலு மணி நேரம் வெயிலில் குனிந்து பறித்த பழம் அது. அந்த வருஷம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கிழக்குக் கரையில் மழை பொய்த்துவிட்டது. புதர்களில் பழம் மிளகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. காட்டுப் பிராணிகள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்திருந்தன. போதாததற்குக் கணவன் ட்வைட். கடலில் சிங்கி இறால் பொறியின் கயிறு காலில் சுற்றி எலும்பு முறிந்ததிலிருந்து, ஆறு வாரமாக மாவுக்கட்டோடு கூடத்து சோபாவில் கிடந்துகொண்டு மனைவி செய்கிற ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

“கண்ணு எரியுது வெர்னா. பழத்துல யாராவது மிளகாயப் போடுவாங்களா? எங்கம்மா இருந்திருந்தா அந்தச் சட்டியத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பா.”

“கூடவே உன்னையும் சேத்துப் போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.”

“சர்ச் விருந்துக்கு ஊரே ஜாம் கொண்டு வரும். நீ மட்டும் விஷம் கொண்டு போ.”

“போன வருஷம் அந்த விஷத்த பாட்டிலோட வழிச்சு நக்கினது யாரு? வாய மூடிட்டுப் படு.”

அடுப்பில் கனத்த இரும்புச் சட்டி, அதில் சட்னி. வெங்காயம், இஞ்சி, வினிகர், பழுப்புச் சர்க்கரை, காய்ந்த மிளகாய் எல்லாம் பழத்தோடு கரைந்து, கருநீலக் குழம்பாகித் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்து தோல் பொத்துப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே தட்டு உருளும் சத்தம் கேட்டது.

வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நாய் அளவில் ஒரு கறுப்புக் குட்டி. பழம் பாதி வயிற்றுக்குள், பாதி மண்ணில்.

“திருட்டு நாயே!” என்று கத்தியபடி கையிலிருந்த நீளக் கரண்டியால் ஓங்கி அதன் முகத்தில் அடித்தாள். கரண்டியில் இருந்த கொதிக்கும் சட்னி அதன் மூக்கில் அப்பிக்கொண்டது. குட்டி அலறியது. கைக்குழந்தை அலறுவதைப் போலவே இருந்தது அந்தக் குரல். முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு, முற்றத்து ஆப்பிள் மரத்தில் ஏறியது.

வெர்னா கரண்டியைக் கீழே போட்டாள். அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து தாய் வந்தது.

அது உறுமவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே ஓடிவந்தது. அவள் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினாள். வலைக்கதவு அதற்கு ஒரு கதவா? ஒரே அடியில் கிழித்துக்கொண்டு, சட்டத்தோடு சேர்ந்து சமையலறைக்குள் விழுந்தது.

“ட்வைட்! கரடி! துப்பாக்கிய எடு!”

நகம் அவளுடைய இடது தோளில் இறங்கி முழங்கை வரை இழுத்தது. அவள் சுவரில் மோதி விழுந்தாள். சட்னி அடைக்க அடுக்கி வைத்திருந்த கண்ணாடி பாட்டில்கள் மொத்தமும் அவள் மேல் சரிந்து நொறுங்கின. கரடி அவள் தலையைக் கவ்வியது. மண்டையோட்டில் பல் உரசும் சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது. வலி பிறகுதான் வந்தது. முறிந்து கைக்கு அகப்பட்ட நாற்காலிக் காலை அதன் தொண்டையில் குத்தினாள். பிடி விட்டது. எழுந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கரடி பின்னங்காலில் நிமிர்ந்தது. அவள் துணிகூட இல்லாமல் சட்டியின் காதை இரண்டு கையாலும் பற்றினாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. விடவில்லை. அத்தனையையும் அதன் முகத்தில் கொட்டினாள்.

அதன்பின் அந்தச் சமையலறையில் நடந்ததை வெர்னா இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. சர்க்கரைப் பாகு முடியில் ஒட்டிக்கொண்டு வேக, மிளகாய் கண்ணில் இறங்க, அந்தப் பெரிய மிருகம் கண்தெரியாமல் நாற்காலிகளை, அலமாரியை, ஜன்னலை அடித்து நொறுக்கியது. தன் முகத்தையே நகத்தால் பிறாண்டிக்கொண்டது. அவள் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தாள்.

கூடத்தில் ட்வைட் சோபாவிலிருந்து உருண்டு, மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, துப்பாக்கி இருந்த மூலைக்கு ஊர்ந்து, தோட்டா போட்டுத் திரும்பவும் ஊர்ந்து சமையலறை வாசற்படிக்கு வந்திருந்தான்.

“வெர்னா! எங்கடி இருக்க?”

“மேசைக்குக் கீழ!”

“தலையத் தரையோட வை. தூக்கினா செத்துருவ!”

இரண்டு முறை சுட்டான். முதல் குண்டில் கரடி அவன் பக்கம் திரும்பியது. இரண்டாவதில் மேசை மேல் சாய்ந்தது. மேசைக்கால் முறிந்து அதன் பாரம் அவள் முதுகில் இறங்கியது. அதன் கடைசி மூச்சு அவள் காதருகே நின்றது.

ஆம்புலன்ஸ் வந்து அவளை வெளியே தூக்கி வந்தபோது குட்டி மரத்தின் மேலேயே இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வனவிலங்கு அதிகாரி ஹாஸ்கெல், கையில் ஒரு அறிக்கைத் தாளோடு, படியில் உட்கார்ந்திருந்த ட்வைட்டிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அது பாட்டுக்குக் கதவ ஒடச்சிட்டு உள்ள வந்துச்சு சார்,” என்றான் ட்வைட். “இவ சமைச்சுக்கிட்டு இருந்தா. ஒரு வம்புதும்பும் இல்ல.”

“நிறுத்துங்க,” என்றாள் வெர்னா, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களிடம். தலைக்கட்டு வழியே ரத்தம் கசிந்து கண்ணில் இறங்கியது. “அவன் சொல்றத எழுதாதீங்க சார். குட்டிய நான் அடிச்சேன். சுடச்சுட, மூஞ்சில. அதனாலதான் அது வந்துச்சு.”

“வெர்னா, உனக்கு மயக்கம். பேசாம இரு.”

“எனக்கு ஒரு மயக்கமும் இல்ல. நீயும்தான குட்டி கத்துன சத்தத்தக் கேட்ட?”

ட்வைட் தன் மாவுக்கட்டின் மேல் சிந்தியிருந்த நீலக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஸ்கெல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “மயக்க மருந்து கொடுத்து இறக்கிடுவோம்மா. மூக்குல புண்ணு இருக்கு, ஆறிடும். தாயில்லாத குட்டிங்கள வளக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பொழச்சுதுன்னா வசந்தத்துல காட்டுல விட்டுருவாங்க.”

“பொழைக்குமா?”

“சொல்ல முடியாது.”

அவர் தாளில் இருந்ததை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார். கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. இரண்டு கையும் விரல்நுனி வரை கட்டுக்குள் இருந்தன. ட்வைட் ஊன்றுகோலை விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, பேனாவை அவள் விரல்களுக்கிடையில் செருகி, தன் கையால் அவள் கையைத் தாங்கிப் பிடித்தான்.

“பேர மட்டும் போடு,” என்றான். “மெதுவா.”