பக்கத்து அறை மட்டும் வேண்டாம்

டயர் தொழிற்சாலையில் காவல் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முகத்துக்கு நேரே அப்பா, மாமா, தாத்தா என்று உறவுக்குத் தக்கபடி அழைப்பார்கள். முதுகைக் காட்டியதும் எல்லாம் ஒரே பெயராகிவிடும்: மெயின்கேட். அந்தப் பெயரை வைத்தது மாப்பிள்ளைதான் என்று மகனும், மகன்தான் என்று மாப்பிள்ளையும் இன்றுவரை சாதிக்கிறார்கள்.

பணிக்காலம் முழுக்க, ஷிப்ட் முடிகிற நேரத்தில் பிரதான வாசலில் நின்று வெளியே போகிறவர்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. யாருடைய பையையும் திறந்து பார்த்ததில்லை. அது கத்துக்குட்டிகள் செய்கிற காரியம் என்பார். ஒருவனை ஓரமாக நிறுத்தி, மீசையை நீவி, குரலைத் தணித்து, "எல்லாம் எனக்குத் தெரியும். நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்பார். அவருக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. ஆனால் எதிரே நிற்பவன் வியர்த்து விறுவிறுத்துச் சட்டைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டுவான். ஒருவன் ஸ்பேனரோடு நிறுத்தாமல், லீவுக்காக உயிரோடிருக்கும் சித்தப்பாவைச் சாகடித்ததையும் சேர்த்து ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து தன் பார்வை சுவரையும் துளைக்கும் என்று அவர் நம்பத் தொடங்கினார். இல்லை என்று சொல்ல வாசலில் யாருக்கும் துணிச்சல் இல்லை. வீட்டில் யாருக்கும் பொழுது இல்லை.

ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. மகன் குடும்பம் நகரின் ஒரு கோடியில், மகள் குடும்பம் மறு கோடியில். கைவசம் மிஞ்சியது மனைவி ஒருத்தி. அவளும் ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் இரவுப் பணி பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற நர்ஸ். எதற்கும் முகம் மாறாதவள். ஆகவே அவர் யோசித்து யோசித்து ஒரு திட்டம் தீட்டினார். சொகுசுக் கப்பல். மொத்தக் குடும்பமும் ஒரு வாரம் கை எட்டும் தூரத்தில். பால் வாங்கணும், வேலை இருக்கு, பையனுக்குப் பரீட்சை என்று யாரும் பாதியில் எழுந்து போக முடியாது. பெற்று வளர்த்த பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையை அவர் ஆசை என்று சொல்லமாட்டார். ஒழுங்கு என்பார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வெளியாயிற்று. "இதனால் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், எமது தலைமையில் குடும்ப ஒற்றுமைக் கடற்பயணம் நடைபெற உள்ளது. மூன்று அறைகளும் ஒரே வரிசையில் அமையும். நடு அறை எமக்கு. செலவு அவரவருடையது."

சில நிமிடங்களில் கைகூப்பல்களும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன. ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. புது ஃபிரிட்ஜைக் கூடத்தில் வைப்பதா சமையலறையில் வைப்பதா என்று விடிய விடியச் சண்டை போட்ட குடும்பம் இது. இவர்கள் எதிர்ப்பே இல்லாமல் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டால், உள்ளே ஸ்பேனர் இருக்கிறது என்று அர்த்தம்.

பயண ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கப்பல். அதன் பின்னால் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண். முதல் நாளே அவளைக் குறுக்கு விசாரணை செய்திருந்தார். கப்பலுக்கு எத்தனை வாசல்? வாசலில் யார் நிற்பார்கள்? அவர்களுக்கு அனுபவம் உண்டா? அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தபடியே பதில் சொன்னாள். சிரித்தபடியே பதில் சொல்கிறவர்கள் மீது அவருக்கு எப்போதும் ஒரு கண்.

அறைகளை உறுதி செய்ய வேண்டிய நாள் காலையில் அவள் கப்பலின் வரைபடத்தை ஃபோனுக்கு அனுப்பினாள். குடும்பத்தின் அறைகள் சிவப்புப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு புள்ளி கப்பலின் மூக்கில், பால்கனியோடு. ஒன்று வாலில். ஒன்று உச்சித் தளத்தில், அதுவும் பால்கனியோடு. இன்னொன்று அடித்தளத்தில், ஜன்னல்கூட இல்லாமல். சொந்தக்காரர்கள் மாதிரி இல்லை. கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்கள் மாதிரி இருந்தது. அதுவும் மூன்றல்ல, நான்கு!

வெறி பிடித்தவர் போல மாடிப்படி ஏறினார்.

"ஏம்மா, நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்க? ஒரே வரிசைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். அப்புறம் மாத்தச் சொன்னாங்க சார்."

"யாரு?"

"அத நான் சொல்லக் கூடாது சார். பயணிகள் கேக்குறத வெளிய சொல்ல மாட்டோம். சாயங்காலத்துக்குள்ள நீங்க உறுதி பண்ணிட்டா போதும். வேணும்னா பழையபடி ஒரே வரிசையிலயும் போட்டுத் தரேன். ரூம் இன்னும் இருக்கு."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீயா சொல்றியா, நான்..."

"தெரிஞ்சா நல்லதுதான் சார். எனக்கும் நிம்மதி" என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மருந்துக் கடை வாசலில் நின்றபடியே மகனுக்கு ஃபோன் போட்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் அவன் மேனேஜர். ஊரில் எல்லாருடைய தண்ணீரிலும் அழுக்கு இருக்கிறது என்று நம்பவைப்பது அவன் தொழில், அப்பா பிள்ளை.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மறுமுனையில் மகன் இருமினான். பிறகு, "அவதான்பா..." என்றான்.

"ஐயய்யோ, மாமா, ஸ்பீக்கர்லதான் இருக்கு!" மருமகளின் குரல் பாய்ந்து வந்தது. அவள் கணக்கு டீச்சர். "நான் எங்க சொன்னேன்? குட்டி ராத்திரி அழுதா தாத்தா கதவத் தட்டி ஏன் அழறான், யாரு அடிச்சான்னு என்கொயரி வைப்பாருன்னு சொன்னது உங்க பையன்தான். கப்பலோட அந்தக் கடைசில போடச் சொன்னதும் அவருதான்."

"நீ தலையாட்டினியா இல்லையா?"

"ஆட்டினேன். ஆனா ஃபோன் பண்ணது நீங்கதானே?"

இருவரும் தங்களுக்குள் அடித்துக்கொள்ள, அவர் இணைப்பைத் துண்டித்தார். ஒரு புள்ளியின் கதை தெரிந்துவிட்டது. மனதில் எங்கேயோ சுருக்கென்றது. அதை அவர் வெயில் என்று எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பல் டாக்டர். கிளினிக்கில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, வாயில் பஞ்சும் குழாயுமாகக் கிடந்தார். மாமனார் கதவருகில் நின்று மீசையை நீவினார்.

"மாப்பிள்ளை, எல்லாம் எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளையின் கையிலிருந்த கருவி நின்றது. "மாமா, உக்காருங்க மாமா. யார் சொன்னது? உங்க பொண்ணா? நான் எப்பவாவதுதான் மாமா. பால்கனில உக்காந்து, கடலப் பாத்துக்கிட்டு, ஒரே ஒரு பீர். அது தப்பா? உங்களுக்குப் பக்கத்து ரூம்னா கிளாஸக் கீழ வெச்சாலே சத்தம் கேக்கும். அதான் மேல்தளம் கேட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வருஷம் உங்க கார் பம்பர்ல விழுந்த நெளிவு... அது ஆட்டோ இடிச்சது இல்ல, நான் இடிச்சது."

நாற்காலியில் கிடந்தவர் வாய் திறந்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரால் மூடவும் முடியாது, கருத்துச் சொல்லவும் முடியாது.

"அவர் பல்லக் கவனிங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் வெளியே வந்தார். பம்பர் விஷயம் எதிர்பாராத போனஸ். வாசலில் என்றால் அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இன்று என்னவோ நிமிரவில்லை.

இரண்டு புள்ளிக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. மூக்கில் இருக்கும் பால்கனி அறை அவருக்கும் மனைவிக்கும். அப்படியானால் அடித்தளத்து ஜன்னலில்லாத அறை யாருக்கு? குடும்பத்தில் தனியாக இருக்கக்கூடியவள் மகளின் மகள் ஒருத்திதான். கல்லூரியில் படிக்கிறாள். அப்பா அம்மாவோடு சோபாவில் படுப்பாள் என்றல்லவா ஏற்பாடு? யாருக்கும் தெரியாமல், ஜன்னலும் இல்லாத அறை! யாரோ ஒரு பையன் தாடியும் கிட்டாருமாக அவர் மனக்கண்ணில் கப்பலேறினான்.

கல்லூரிக்கு எதிரிலிருந்த டீக்கடையில் பேத்தியைப் பிடித்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. "தாத்தா, சத்தியமா அம்மாகிட்ட சொல்லாதீங்க. ரெண்டு பேப்பர்தான் போச்சு. மறுபடி எழுதிடறேன்."

"பேப்பர் கிடக்கட்டும். அந்த நாலாவது ரூம்?"

"எது, பாட்டி ரூமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பாட்டி உங்ககிட்ட சொல்லலியா? நான்தான் ஃபோன் போட்டுக் கொடுத்தேன். தனியா ஒரு ரூம் வேணும், எங்க இருந்தாலும் பரவாயில்லன்னு கேட்டாங்க. ஒருத்தர் தங்குற ரூம்ல அது மட்டும்தான் காலியா இருந்துச்சாம். ஜன்னல் இல்ல பாட்டின்னேன். அதனால என்ன, கதவு இருக்கில்லன்னாங்க."

அவர் டீயைக் குடிக்காமலே காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். தாடிக்காரன் கப்பலிலிருந்து இறங்கிப் போய்விட்டான். அவனே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் மனைவி கட்டிலில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து, புடவைகளை எடுத்து வைப்பதும் வெளியே வைப்பதுமாக இருந்தாள். அவர் கதவோரம் நின்றார். மீசையை நீவினார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"நல்லதாப் போச்சு. சொல்ற வேலை மிச்சம்" என்று அவள் அடுத்த புடவையை மடித்தாள்.

அவர் காத்திருந்தார். வாசலில் இந்த இடத்தில்தான் ஆட்கள் வியர்ப்பார்கள். அவள் வியர்க்கவில்லை. நோயாளிகள் வீறிட்டுக் கத்தும்போதும் சலைன் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க. கேக்கலாம்."

அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அந்த இடம் வரை கொண்டுபோனதே இல்லை. கட்டிலின் ஓரத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "நீ சொல்லு. என்மேல கோவமா?"

அவள் புடவையைக் கீழே வைத்தாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க. தூக்கம். ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் நோயாளி எழுப்பினான். வீட்ல நீங்க எழுப்புறீங்க. தாழ்ப்பாள் போட்டியா, கேஸ மூடினியா, ஏன் முழிச்சிருக்க, யாரு மெசேஜ் பண்ணா. பாத்ரூம் போனாக்கூட எங்க போறன்னு ஒரு குரல். ஒரு வாரம் யாருக்கும் பதில் சொல்லாம எந்திரிக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"அத என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன கேப்பீங்க? யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு."

அவர் அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தார். மூடிக்கொண்டார்.

"சுத்தித் தண்ணிங்க. நடுக்கடல்ல நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?" என்று சொல்லி அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

பயண அலுவலகத்தில் அந்தப் பெண் கம்ப்யூட்டரை அணைக்கத் தயாராக இருந்தாள். அவர் மாடிப்படி ஏறி வந்த நிதானத்தைப் பார்த்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒரே வரிசையாப் போட்டுடட்டுமா சார்?"

தலையாட்டினால் போதும். நான்கும் மூன்றாகி, நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கம் பீர் குடிக்காத ஒரு மாப்பிள்ளையும் அழாத ஒரு குழந்தையும் இருப்பார்கள். கூடவே தூங்காத ஒரு மனைவியும்.

"இப்படியே இருக்கட்டும்" என்றார். "ஒரு மாத்தம் மட்டும். எனக்குப் போட்ட பால்கனி ரூம் வீட்டம்மாவுக்கு. கீழ இருக்கிறது எனக்கு."

"அதுல ஜன்னல் இல்ல சார். ஒரே கதவுதான்."

"கதவு போதும்மா. எனக்கு அதுதான் பழக்கம்."

அன்று மாலை கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். தண்டனை என்னவோ என்று மகன் நகத்தைக் கடித்தான். மாப்பிள்ளை கார் இருந்த திசையைப் பார்ப்பதையே தவிர்த்தார். அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கப்பலின் நான்கு திசைகளையும் நம் குடும்பத்தின் பொறுப்பில் கொண்டுவரும் பொருட்டு, அறைகள் எமது நேரடி ஆலோசனையின்படி பிரித்து ஒதுக்கப்பட்டுள்ளன" என்று அறிவித்தார். கொஞ்சம் தாமதமாகக் கைதட்டல் எழுந்தது. அவர் ஒருவர் மீதும் குற்றம் சுமத்தவில்லை. பம்பர் பற்றிக் கூட ஒரு வார்த்தை இல்லை.

அதுதான் அவர்களுக்குக் கிலியைக் கிளப்பியது. சற்று நேரத்தில் மகன், மகள் ஜோடிகள் நால்வரும் சமையலறையில் ஒதுங்கினார்கள்.

"எங்கப்பா சும்மா விட்டாருன்னா ஏதோ பெருசா வெச்சிருக்காருன்னு அர்த்தம்" என்றாள் மகள்.

"கீழ்த்தளம் அவரே கேட்டு வாங்கியிருக்காரு. அங்கதான் ஊழியர்கள் ரூம் எல்லாம் இருக்கும். ஆள் புடிச்சு நம்மள வேவு பாக்கப் போறாரு" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கும் அதான் தோணுது. நாளைக்கே அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போட்டு ரூம இன்னும் தள்ளி மாத்த முடியுமான்னு கேக்கணும்" என்றாள் மருமகள்.

"இதுக்கு மேல தள்ளினா கடல்தான்" என்றான் மகன்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. மெயின்கேட் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளறைக்குப் போய், மனைவி பெட்டியில் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"உனக்கு பால்கனி ரூம் போட்டிருக்கேன்."

"அந்தப் பொண்ணு இப்பதான் ஃபோன் பண்ணிச் சொல்லிச்சு."

அந்தப் பெண்ணுக்கு உன் நம்பர் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதை விழுங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கப்பல்ல உன்னப் பாக்கணும்னு தோணினா நான் என்ன பண்ணணும்?"

"கீழேர்ந்து ஏறி வந்து கதவத் தட்டணும்."

"திறப்பியா?"

அவள் கடைசிப் புடவையை வைத்து, பெட்டியின் மூடியை அமுக்கிப் பார்த்தாள். அவரும் ஒரு பக்கம் கை வைத்து அமுக்கினார்.

"தட்டிப் பாருங்க" என்றாள்.