பதில் சொல்லக் கூடாத மாப்பிள்ளை

பெரில் ஹாக்கெட் ஒட்டடைக் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். லண்டனில் சுற்றுலா நடத்துகிற மற்றவர்கள் கூட்டம் சிதறாமல் இருக்கக் குடையைத் தூக்குவார்கள். ஊரே குடை பிடித்துக்கொண்டு அலையும்போது எந்தக் குடையைப் பார்த்து எவன் வருவான் என்பது பெரிலின் கட்சி.

“கண்ணுங்களா, இந்தக் கறுப்புக் குஞ்சம் எங்க போகுதோ அங்க வாங்க. குஞ்சத்துக்குக் கீழ செகப்புக் கோட்டு தெரிஞ்சா அது ரோமத் தொப்பி போட்ட சிப்பாய். அவன் பின்னாடி போயிடாதீங்க. அவன் டாய்லெட் எங்கன்னு சொல்ல மாட்டான்.”

லீட்ஸிலிருந்து வந்திருந்த நோரா என்ற பெண்மணிதான் அதிகம் சிரித்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே கத்திக் கத்திப் பழகிய குரல்.

“அரசர் வீட்ல இருக்காராம்மா இன்னிக்கு?”

“அவரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வீட்ட காவல் காக்கறதுதான் இங்க திருவிழா. என் வீட்டு வாசல்ல நாய் படுத்துக் கெடக்கு, எவன் வந்து போட்டோ எடுக்கறான்?”

காவலர்கள் முறை மாறுவதைப் பார்க்க அரசரின் பெரிய அரண்மனையின் கம்பி வேலியில் போய் நசுங்குவது விவரமில்லாதவர்கள் வேலை. பெரில் தன் கூட்டத்தைச் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிவருவாள். முறை முடிந்த பழைய காவலர்கள் அங்கேதான் அணிவகுத்து, வாத்தியம் முழங்கப் புறப்படுவார்கள். கூடவே நடந்து போனால் முழு ஊர்வலமும் கையருகே.

தெரு ஓரத்தில் ஒரு காவல் கூண்டு. அதன் முன்னால் துப்பாக்கியும் கரடித்தோல் தொப்பியுமாக ஒரு சிப்பாய். தினமும் சொல்கிற பாடத்தைப் பெரில் ஆரம்பித்தாள்.

“இவரு பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூக்கு அரிச்சா சொறியக் கூடாது. கிட்டப் போயி ரொம்பப் படுத்தினா பூட்ஸால ஓங்கி ஒரு மிதி மிதிப்பாரு. அதுக்கும் நகரலைன்னா கத்துவாரு. அதுக்கும் நகரலைன்னா துப்பாக்கி நம்ம பக்கம் திரும்பும். அதுக்கப்புறம்...”

பேச்சு நின்றது. தொப்பியின் ரோமம் கண்ணை மறைத்திருந்தாலும் மோவாய் வெளியே தெரிந்தது. பிசைந்த மாவில் யாரோ விரலை வைத்து அழுத்தியது போல அதில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பெரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

“டாரல் பென்னி,” என்றாள்.

சிப்பாய் அசையவில்லை.

“யாரும்மா அது?” என்றாள் நோரா.

“வர்ற சனிக்கிழம என் பொண்ணு ரோவீனாவைக் கட்டிக்கப் போறவன். போறவனா இல்லையான்னு தெரியல. ரெண்டு வாரமா போன எடுக்கல. முகாம் வாசல்ல போயி நின்னா டூட்டின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பொண்ணு நேத்து அழுதுகிட்டே கல்யாணக் கேக்கு வேண்டாம்னு கடையில சொல்லிடும்மாங்கறா.”

கூட்டம் முழுவதும் சிப்பாயைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நேரம் அவன் ஒரு வேடிக்கைப் பொருள். இப்போது மாப்பிள்ளை.

பெரில் ஒட்டடைக் குச்சியை நோராவிடம் கொடுத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள். “இங்கிலாந்துலயே நான் பேசறப்ப எழுந்து போகாத ஒரே ஆம்பள நீதாண்டா. வசதியா நில்லு. வேற பொண்ணு பாத்துட்டியா?”

அசைவில்லை.

“ரோவீனா மேல கோவமா? அவ சண்டைக்காரிதான், நான் இல்லைங்கல. அதுவா?”

அசைவில்லை. ஒரு புறா வந்து அவன் பூட்ஸ் அருகே எதையோ கொத்திவிட்டுப் போனது.

“கல்யாணமே பயமா இருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா,” என்றாள் பின்னாலிருந்து நோரா. “ஒன்னப் பத்தி கேட்டுப் பாரு.”

“என்னப் பத்தி என்ன? நான் என்ன பண்ணினேன்?”

“அதத்தான் கேளுங்கறேன். எனக்கு மூணு மருமகனுங்க. மூணு பேரும் ஒரு தடவையாவது ஓடியிருக்கானுங்க. எப்பவும் என்னாலதான்.”

பெரிலுக்குச் சுருக்கென்றது. கூட்டத்தைப் பார்த்து நியாயம் கேட்டாள்.

“நீங்களே சொல்லுங்க. ஓடியாடி எல்லாம் பண்றேன். பேட்டை மொத்தமும் கூப்டிருக்கேன். கல்யாணம் பதியற ஆபீஸ்லேருந்து விருந்து நடக்கற பப் வரைக்கும் எல்லாரையும் நானே நடத்திக் கூட்டிட்டுப் போறேன், தெருவுக்குத் தெரு நின்னு இவன் கத, அவ கத எல்லாம் சொல்லிக்கிட்டே. இவன் இந்தச் செகப்புக் கோட்டோட, இந்தத் தொப்பியோட வருவான்னு ஊரெல்லாம்...”

பூட்ஸ் தரையில் இறங்கியது. கல் அதிர்ந்தது.

யாரோ ஒருவர் கைதட்டிவிட்டு, தட்டலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

“கோட்டா?” என்றாள் பெரில். “கோட்டும் தொப்பியும்தானா? வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“ஒங்கிட்டயா?” என்றாள் நோரா.

பெரில் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தாள். “சரி. கோட்டு வேண்டாம், தொப்பி வேண்டாம். சாதா சூட்டு போட்டுக்க. ஆனா ஊர்வலம் உண்டு. நான் முன்னாடி குச்சியோட...”

“காவலுக்கு வழி விடு!”

சிப்பாயின் கத்தல் தெருமுனை வரை கேட்டது. புறாக்கள் கூரைக்கு ஏறின. கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் நடந்து வந்தார்.

“என்ன மேடம் பிரச்சன?”

“குடும்ப விஷயம்ப்பா.”

“அவரு டூட்டில இருக்காரு.”

“தெரியும். டூட்டில இல்லாதப்ப கெடைக்க மாட்டேங்கறான்.”

“அடுத்தது துப்பாக்கி, மேடம்.”

“எனக்கே பாடமா? பதினோரு வருஷமா நான்தான் அத ஊருக்குச் சொல்லிட்டிருக்கேன்.” ஆனாலும் ஓர் அடி பின்னால் வந்தாள். குரலும் கூடவே இறங்கியது. “டாரல், ஊர்வலம் வேண்டாம். எல்லாரும் அவங்கவங்க பஸ் புடிச்சி பப்புக்கு வரட்டும். குச்சிய வீட்ல வெச்சிடறேன். ஒரே ஒரு பேச்சு மட்டும் பேசறேன், அரமணி நேரம்.”

பூட்ஸ் இறங்கியது.

“பத்து நிமிஷம்.”

பூட்ஸ்.

“சின்ன வயசுல ரோவீனா பள்ளிக்கூடத்துல பாவாட நழுவ விட்ட கதைய மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துடறேன்.”

பூட்ஸ். இந்த முறை முன்னிலும் பலமாக.

“பாத்தியா,” என்றாள் நோரா மெதுவாக. “அவளுக்காக மிதிக்கிறான்.”

பெரில் அவன் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வியர்வை இறங்கியிருந்தது. “சரிடா,” என்றாள் கடைசியில். “பேச்சே இல்ல. கிளாசத் தூக்கி, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு குடிப்பேன். அவ்ளோதான்.”

பூட்ஸ் அசையவில்லை.

அந்த நேரம் அரண்மனை முற்றத்தில் முரசு அதிர்ந்தது. வாத்தியக்காரர்கள் வாசலைத் தாண்டினார்கள்; பின்னால் பழைய காவலர்கள் நடந்தார்கள். மற்ற கூட்டங்களெல்லாம் குடைகளின் பின்னால் ஓடின. பெரிலின் கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை.

“சனிக்கிழம பதினோரு மணிக்கு,” என்றாள் பெரில். “வருவியா?”

அசைவில்லை.

“வருவியா டாரல்?”

“கேக்காதம்மா,” என்றாள் நோரா. “வேண்டாம்னு சொல்லத்தான் அவனுக்கு மிதி இருக்கு. சரின்னு சொல்ல என்ன வெச்சிருக்கான் பாவம்?”

மூன்றாவது முறை கேட்கத் திறந்த வாயைப் பெரில் மூடினாள். அது அவளுக்கு எளிதாக இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முரசுச் சத்தம் மரங்களுக்கு அப்பால் போகும் வரை நின்றாள். மிதி விழவில்லை. போலீஸ்காரர் கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தெருவின் எதிர்ப்புறம் போய் மகளுக்குப் போன் செய்தாள்.

“ரோவி, கல்யாணக் கேக்கு இருக்கட்டும். வர்றான்.”

“அவனே சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல.”

“அம்மா, நீ என்ன பண்ணின அவன? கத்தினியா?”

“கத்தினது அவன். நான் சும்மா நின்னேன்.”



“நீயா?” என்றாள் ரோவீனா.