கணக்கில் சேராத பைகள்

1
இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, ஒட்டுக் கேட்டு எடுத்தேன். எடின்பரோவில் ஈஸ்ட் ஆய்வகம் ஒன்றில் பதினெட்டு வருடமாக, ஈஸ்ட் வளர்வதற்கான அகார் கூழ் காய்ச்சுகிறேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'உயிரின் மகா நடனத்தில் குரோமோசோம்கள் கைகோத்து—' (அடித்துவிட்டேன். இது எங்கள் ஆய்வகத் தலைவர் பேராசிரியர் லெனக்ஸ் மேடையில் பேசுகிற தொனி. குரோமோசோம்களுக்குக் கை கிடையாது.)

2
பட்டினி போட்டால் ஈஸ்ட் குன்றல் பகுப்பில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவில், இறங்கும். முடிவில் ஒரு பைக்குள் நான்கு வித்துகள். முதல் பிரிவில் ஒரு ஜோடிக் குரோமோசோம் பிரியாமல் ஒரே பக்கம் போனால் இரண்டு வித்து பிழைக்கும், இரண்டு சாகும்.

அந்த நான்கையும் ஊசியால் பிரித்து அகார் தட்டில் வரிசையாக வைப்பவள் இஷ்பெல். (அவளுக்கு ஒரு சோகமான கடந்தகாலம் கொடுத்திருந்தேன். படித்தால் அடிப்பாள் என்று எடுத்துவிட்டேன்.) அவள் தொழிலில் ஒரு பழக்கம்: நான்கில் ஒன்று முளைக்காவிட்டாலும் அந்தப் பையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மரபணு வரைபடம் போட்ட காலத்தில் அது சரி; குரோமோசோம் ஒழுங்காகப் பிரிகிறதா என்று பார்க்க, செத்ததையும் எண்ண வேண்டும்.

3
ஆய்வு மாணவி மோர்வென். ஒரு புரதத்தை நீக்கினாலும் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிகின்றன என்பது அவளுடைய ஆறு வருட ஆய்வேடு. வியாழக்கிழமை அதற்கான வாய்மொழித் தேர்வு. செவ்வாயன்று தேநீர் அறையில் இஷ்பெல் சொன்னாள்:

"உன்னோட பழைய தட்டெல்லாம் எடுத்துப் பாத்தேன், பொண்ணே. நூறு பையில நாப்பது, ரெண்டு முளைச்சு ரெண்டு செத்தது."

"அதையெல்லாம் எண்ணவே இல்லையா?"

"எப்பவுமே எண்ண மாட்டோமே. நீயும் கேக்கல."

"லெனக்ஸும் கேக்கல."

"அவரு கடைசியா மைக்ராஸ்கோப்பத் தொட்டது, போட்டோகாரன் தொடச் சொன்னப்ப."

மோர்வென் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் புரதம் இல்லாம ஒழுங்கா பிரியல. நான் எழுதினது தலைகீழ்."

"ஆமா."

"யாருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

(மூன்று பேர் என்று நான் திருத்தவில்லை. கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

4
முடிவு ஒன்று: தட்டுகள் ஒழிகின்றன, மோர்வென் டாக்டராகிறாள். முடிவு இரண்டு: தேர்வறையில் உண்மையைச் சொல்கிறாள், தேர்வாளர்கள் எழுந்து நின்று— (இல்லை. இன்னொரு வருடம் உழைக்கச் சொல்வார்கள். அவளுடைய உதவித்தொகை ஜூனிலேயே முடிந்துவிட்டது.)

5
புதன்கிழமை மோர்வென் என் அறைக்கு வந்தாள். ஆய்வகக் கழிவுகளை வேகவைத்து அழிக்கும் கொதிகலன் அங்கேதான் இருக்கிறது. கையில் தட்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் பை.

"இது எப்ப ஓடும்?"

"அரை மணி நேரத்துல."

பையை மேசைமேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை. நான் ஒன்றும் தெரியாதவனாகக் கொதிகலன் கதவைத் திறந்து வைத்தேன்.

இதற்குமேல் எழுதினால் அவளை நல்லவளாக்கிவிடுவேன், என்னையும் சேர்த்து. அரை மணி இருக்கிறது. இப்போது உங்களுக்கும் தெரியும்.